ஆட்டு ரத்தம், ஃபுட்பால் பிளாடர், ஒரு வெல்டர்: மரக்காணம் உப்பளத்துல இருந்து ஒரு நீண்ட த்ரெட்

1)
கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் கிடைக்கிறப்போ பொறுமையா படிங்க. கிறுக்குன்னு பேர் வாங்கின கண்டுபிடிப்பாளர்களைப் பத்தின கதை இது. ஆனா நான் இதை எழுதறதுக்குக் காரணம் எங்க ஊர் உப்பளம். அது ஏன்னு போகப் போகப் புரியும்.

2)
நான் மரக்காணம் பக்கம் மருத்துவம் பார்க்கிறவ. ஈ.சி.ஆர்ல சென்னையில இருந்து புதுச்சேரி போறப்போ ரோட்டோரமா பாத்தி பாத்தியா தண்ணி கண்ணாடி மாதிரி பளபளக்குமே, நடுநடுவுல வெள்ளை வெள்ளையா குவியல் தெரியுமே, அந்த ஊர்தான். நிறைய பேர் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுத்துட்டுப் போவீங்க.

அந்தக் குவியல் தானா குவியறதில்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்ச பிறகு பாத்தியைச் சரிபண்ணி, மிதிச்சு இறுக்கி, உப்புத் தண்ணி விட்டு, வெயில்ல காயவிட்டு, வாரி, தலையில சுமந்து கொட்டணும். வெயில் எவ்வளவு கொளுத்துதோ அவ்வளவு உப்பு. அதாவது மத்தவங்க வெயிலுக்கு ஒதுங்கற நேரம்தான் இவங்களுக்கு சீசன்.

3)
இந்த வேலையில பெண்கள் நிறைய. புடவைக்கு மேல ஆம்பளைங்க முழுக்கைச் சட்டை, தலையில சும்மாடு, கால்ல சில பேருக்குப் பழைய சாக்ஸ். இவங்க என்கிட்ட வர்றது பெரும்பாலும் நீர்க்கடுப்பு, திரும்பத் திரும்ப வர்ற சிறுநீர்த் தொற்று, தொடையிடுக்குல புண், வெள்ளைப்படுதல்னுதான்.

மருந்து எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்பேன்.

"வேலை நேரத்துல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"
"மாதவிலக்கு நாள்ல என்ன வைப்பீங்க?"

4)
முதல் கேள்விக்குப் பதில் டக்குனு வரும். "தண்ணி குடிச்சா ஒதுங்கணுமே மா. அங்க எங்க போய் ஒதுங்கறது?"

உப்பளத்தைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். மரம் கிடையாது, புதர் கிடையாது. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தட்டையான வெட்டவெளி. அரை கிலோமீட்டர் தள்ளி நிக்கிறவர் கூடத் தெரிவார்.

ரெண்டாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் பதிலே வராது. கூட வந்தவங்களைத் திரும்பிப் பார்ப்பாங்க. அப்புறம் குரல் இறங்கும். "துணிதாம்மா."

5)
துணி வைக்கிறது தப்பில்ல, அதை முதல்ல சொல்லிடறேன். சோப்பு போட்டு அலசி, நல்ல வெயில்ல காயவெச்ச பருத்தித் துணி பாதுகாப்பானதுதான். சிக்கல் என்னன்னா, அதை யாரும் வெயில்ல காயவைக்கிறதில்ல. உப்பையே வெயில்ல காயவைக்கிற பெண், தன்னோட துணியை மட்டும் குளியலறை மூலையில, வேற புடவைக்கு அடியில மறைச்சுக் காயவைப்பாங்க. ஈரம் முழுசா போகாது. மறுநாள் அதேதான்.

இந்தப் பதிலைக் கேட்கிறப்போ எல்லாம் எனக்கு ஒரு கோயம்புத்தூர்க்காரர் ஞாபகம் வரும். அருணாசலம் முருகானந்தம்.

6)
"அட, பேட்மேன் தானே, அக்‌ஷய் குமார் படம் பார்த்துட்டோம்"னு சொல்றீங்களா? இருங்க. 2016ல பத்மஸ்ரீ வாங்கினது, 2014ல டைம் பத்திரிகையோட 100 பேர் பட்டியல்ல வந்தது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒரு டாக்டரா எனக்கு அதைவிடப் பிடிச்சது அவர் தோத்த விதம். ஒவ்வொரு தடவையும் எப்படித் தோத்தார், தோத்ததும் அடுத்து என்ன பண்ணினார்ங்கிறதைத்தான் பார்க்கப் போறோம்.

7)
நெசவுக் குடும்பம். அப்பா விபத்துல போயிட்டார். அம்மா கூலி வேலை பார்த்துப் பிள்ளைங்களை வளர்த்தாங்க. பையன் 14 வயசுல பள்ளிக்கூடத்தை விட்டாச்சு. அப்புறம் வெல்டிங் பட்டறை.

1998ல கல்யாணம். மனைவி சாந்தி எதையோ மறைச்சு எடுத்துட்டுப் போறதைப் பார்த்து என்னன்னு கேட்கிறார். மாதவிலக்குக்கான பழந்துணி. "ஏன் கடையில விக்கிறதை வாங்கக்கூடாது?" "அதை வாங்கினா பால் செலவுக்கு என்ன பண்றது?"

கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிப் பார்க்கிறார். கையில எடுத்தா எடை 10 கிராம்கூடத் தேறாது. அவர் கணக்குப்படி உள்ள இருக்கிற பஞ்சு 10 பைசா பெறும். விலையோ ஒண்ணு 4 ரூபாய். நாற்பது மடங்கு! பட்டறைக்காரர் மூளை. "இதை நாமே பண்ணிடலாமே."

8)
முதல் தோல்வி. பஞ்சை வாங்கி, துணியில சுத்தி, தைச்சு, மனைவிகிட்ட குடுத்து "எப்படி இருக்குன்னு இப்பவே சொல்லு"ங்கறார். அந்தம்மா சொன்ன பதில்: அதுக்கு இன்னும் நாள் இருக்கு, அடுத்த மாசம்தான்.

மனுஷனுக்கு அப்பதான் தெரியுது, இது மாசத்துக்கு ஒரு தடவைன்னு. சிரிக்காதீங்க. நம்ம வீட்டு ஆம்பளைங்கள்ல எத்தனை பேருக்கு இது சரியாத் தெரியும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

மாசம் கழிச்சு வந்த தீர்ப்பு: சரியில்ல, பழைய துணியே தேவலை.

9)
ரெண்டாவது தோல்வி. மாசத்துக்கு ஒரு ஆள், ஒரு சோதனைன்னு போனா ஆயுசு போதாது. நிறைய பேர் வேணும். கூடப்பிறந்தவங்களைக் கேட்டார், முடியாதுன்னுட்டாங்க. மருத்துவக் கல்லூரி மாணவிகள்னா கூச்சம் கம்மியா இருக்கும்னு நினைச்சு அவங்ககிட்ட இலவசமா குடுத்து, கருத்து எழுத ஒரு தாளும் குடுத்தார்.

தாள் எல்லாம் திரும்பி வந்துச்சு. ஆனா ஒரு சிலரே உட்கார்ந்து எல்லாருக்கும் சேர்த்து எழுதிக் குடுக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சுட்டார்.

இங்க நான் அவருக்கு எழுந்து நின்னு கைதட்டுவேன். ஏன்னா நல்லபடியா எழுதியிருந்த தாளை வெச்சுக்கிட்டு "என் பொருள் ஜெயிச்சுடுச்சு"ன்னு கிளம்பியிருக்கலாம். மருத்துவத்துல பெரிய பெரிய படிப்பு படிச்சவங்களே அந்த மாதிரி தாளை வெச்சுப் பேர் வாங்கினது உண்டு. இவர் அதைத் தூக்கிப் போட்டுட்டார்.

10)
அப்புறம்தான் அந்தப் பிரபலமான கிறுக்குத்தனம். தானே போட்டுப் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணினார்.

ஒரு ஃபுட்பால் பிளாடர்ல ஓட்டை போட்டு, ஆட்டு ரத்தம் ஊத்தி, இடுப்புல கட்டிக்கிட்டார். கூடப் படிச்ச ஒருத்தர் கறிக்கடை வெச்சிருந்தார், ரத்தம் அங்க இருந்து. சீக்கிரம் உறைஞ்சு போகாம இருக்க, ரத்த வங்கியில இருந்த இன்னொரு நண்பர்கிட்ட மருந்து வாங்கிக் கலந்துக்கிட்டார். பேடைக் கட்டிக்கிட்டு, நடந்து, ஓடி, சைக்கிள் மிதிச்சு, நடுநடுவுல பிளாடரை அமுக்கி ரத்தத்தைக் கசியவிட்டார்.

நாள் முழுக்க நாத்தம். துணியில கறை. பொதுக் கிணத்துல அலசினப்போ ஊரே பார்த்துச்சு. பால்வினை நோய் வந்துடுச்சுன்னு சிலர். புத்தி பிசகிடுச்சுன்னு சிலர். பேய் பிடிச்சிருக்குன்னு சிலர்.

11)
இப்ப இதை ஒரு டாக்டர் கண்ணால பாருங்க.

உறையாத ரத்தம். உடம்புச் சூட்டுக்குப் பக்கத்துல ஒரு பை. அழுத்தினா அளவா கசிவு. நடை, ஓட்டம், சைக்கிள்னு வெவ்வேற அசைவு. இதையே ஒரு கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல வெள்ளைக் கோட்டு போட்டவர் செஞ்சா அதுக்குப் பேர் பரிசோதனை மாதிரி. ஒரு வெல்டர் லுங்கிக்குள்ள செஞ்சா அதுக்குப் பேர் கிறுக்கு.

ஆய்வுக்கூடம் இல்லாதவன் ஆராய்ச்சி பண்ணினா வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாத்தான் தெரியும். எனக்கு இந்தக் கதையில பிடிபட்ட முதல் விஷயம் இதுதான்.

12)
"அது படிக்காதவங்களுக்கு"ன்னு நினைக்காதீங்க. டாக்டர்களுக்கும் இதேதான் நடந்திருக்கு.

1929. ஜெர்மனி. வெர்னர் ஃபோர்ஸ்மன்னு ஒரு இளம் டாக்டர். கை நரம்பு வழியா ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விடலாம், ஆள் சாகமாட்டார்னு நம்பினார். மேலதிகாரி அனுமதி குடுக்கல. கருவிகள் இருந்த அலமாரிச் சாவி ஒரு நர்ஸ்கிட்ட. அவங்க "அப்படின்னா என் மேலயே பண்ணுங்க"ன்னு சம்மதிச்சாங்க. அவங்களை மேசையில படுக்கவெச்சுக் கட்டிட்டு, குழாயைத் தன் கையிலயே விட்டுக்கிட்டார் மனுஷன். 65 சென்டிமீட்டர். அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாய் இதயத்துக்குள்ள இருக்கிறதைப் படம் எடுத்துக்கிட்டார்.

கிடைச்சது திட்டு. இதயத்தை விட்டுட்டு யூராலஜி பக்கம் போயிட்டார். 27 வருஷம் கழிச்சு, 1956ல, வேற ரெண்டு பேரோட சேர்த்து நோபல் பரிசு. இன்னைக்கு நம்ம அப்பாவுக்கு, மாமாவுக்கு ஆஞ்சியோ பண்றோமே, அதுக்கு வழி போட்டவங்கள்ல முதல் ஆள் அவர்தான்.

13)
இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். "டாக்டர், அப்போ பிடிவாதமா இருந்தா எல்லாரும் ஜெயிச்சுடலாமா?"

முடியாது. அதுக்கும் ஒரு கதை இருக்கு.

1912 பிப்ரவரி 4, பாரிஸ். ஃபிரான்ஸ் ரைஷெல்ட்னு ஒரு தையல்காரர். விமானிகளுக்காகப் பாராசூட் மாதிரி விரியற ஒரு கோட்டு தைச்சிருந்தார். மாடியில இருந்து பொம்மைக்கு மாட்டிவிட்டுப் பார்த்தார். பொம்மைகள் விழுந்து நொறுங்கின. அதுக்கு அவர் கண்டுபிடிச்ச காரணம் என்ன தெரியுமா? உயரம் போதலை, அதனாலதான் கோட்டு விரிய நேரம் கிடைக்கல.

ஈஃபில் கோபுரத்துல பொம்மையைப் போட்டுப் பார்க்கிறதா சொல்லி அனுமதி வாங்கினார். மேல போனதும், பொம்மை இல்ல, நானே குதிக்கிறேன்னுட்டார். கூட இருந்தவங்க எவ்வளவோ தடுத்துப் பார்த்தாங்க. முதல் தளம், சுமார் 57 மீட்டர். குதிச்சார். இறந்தார். அதைப் படம் பிடிச்ச ஃபிலிம் இன்னைக்கும் இருக்கு.

14)
ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு பேருமே கைத்தொழில்காரங்க. ரெண்டு பேரையும் சுத்தி இருந்தவங்க வேண்டாம்னாங்க. ரெண்டு பேருமே தன் உடம்பைத்தான் பணயம் வெச்சாங்க. விடாமுயற்சியில ஒருத்தருக்கொருத்தர் சளைச்சவங்க இல்ல.

ஆனா தையல்காரருக்கு பொம்மை 'தப்பு'ன்னு சொன்னப்போ, அவர் பொம்மையைக் குறை சொன்னார், மாடியைக் குறை சொன்னார். கோட்டைக் குறை சொல்லல.

நம்ம வெல்டருக்கு ஒவ்வொரு 'தப்பும்' ஒரு மாற்றத்தைக் கொண்டு வந்துச்சு. மனைவி ஒருத்தர் போதலைன்னா பத்துப் பேர். பத்துப் பேர் உண்மை எழுதலைன்னா தானே. தான் போட்டும் ஒழுகினா, "நான் தைச்ச விதம் தப்பு இல்ல, உள்ள வைக்கிற பொருளே தப்பு"ங்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

15)
அந்த இடத்துக்கு அவர் வந்த வழிதான் கொடுமை. மத்த கம்பெனி பேட் ஏன் ஒழுகலைன்னு தெரியணும். அதுக்குப் பயன்படுத்தின பேடைப் பார்க்கணும். மாணவிகள்கிட்ட இருந்து சேகரிச்சு வீட்டுக்குப் பின்னாடி பரப்பி வெச்சு ஆராய்ச்சி பண்றார். அம்மா வந்து பார்த்துடறாங்க.

மனைவி ஏற்கெனவே போயாச்சு, இவர் ஆரம்பிச்ச ஒன்றரை வருஷத்துல. இப்போ அம்மாவும் துணிமணியைப் புடவையில மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ஊரு, "உன்னை மரத்துல தலைகீழா கட்டித்தான் பேயோட்டணும்"னுச்சு. ஊரை விட்டே போயிட்டார்.

16)
இந்த இடத்துல பல பேர் "பாருங்க, எவ்வளவு தியாகம்"னு எழுதுவாங்க. நான் அப்படி எழுதமாட்டேன். அவர் விரும்பி எடுத்த ரிஸ்க் அது. ஆனா அந்த மனைவியும் அம்மாவும் எதையும் விரும்பி எடுக்கல. ஊர் வாயில விழுந்தது அவங்களும்தான். நம்ம ஊர்ல ஒரு வீட்டுல ஒருத்தர் கண்டுபிடிப்பாளர்னா, அந்த வீட்டு அடுப்பை எரியவிடறது பெரும்பாலும் இன்னொருத்தர். படத்துல அவங்களுக்கு ஒரு பாட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

மனைவி திரும்பி வந்தது அஞ்சரை வருஷம் கழிச்சு. அம்மாவும் அப்புறம் வந்தாங்க.

17)
சரி, அந்தப் பொருள் என்ன? அதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு 2 வருஷம் 3 மாசம் ஆச்சு.

தெரிஞ்ச ஒரு கல்லூரிப் பேராசிரியர் உதவியோட வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எழுதினார். ஃபோன் போட்டார். டெலிஃபோன் செலவு மட்டும் 7,000 ரூபாய்க்குப் பக்கம். அங்க இருந்து "உங்க ஃபேக்டரி எப்படிப்பட்டது?"ன்னு கேட்டா, கோயம்புத்தூர்ல மில் வெச்சிருக்கேன்னு அடிச்சுவிட்டார். சாம்பிள் கூரியர்ல வந்துச்சு. பஞ்சு வரும்னு பிரிச்சா, கெட்டியான அட்டை. கிழிச்சுப் பார்த்தா உள்ள நார் நாரா. பைன் மரக்கூழ். செல்லுலோஸ்.

பஞ்சு உறிஞ்சும், ஆனா உட்கார்ந்தா, அழுந்தினா, விட்டுடும். இந்த மரநார் உறிஞ்சினதைப் பிடிச்சு வெச்சுக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

18)
ஒரு சின்ன சரித்திரம் சொல்றேன், சுவாரசியமா இருக்கும். இந்த மரக்கூழ்ப் பஞ்சு முதல்ல மாதவிலக்குக்காக வந்ததே இல்ல. முதல் உலகப் போர்ல காயத்துக்குக் கட்டுப் போட, பருத்திப் பஞ்சு பத்தாம, அமெரிக்காவுல செல்லுக்காட்டன்னு ஒண்ணு தயாரிச்சாங்க. போர்முனையில இருந்த நர்ஸுகள் அதை எடுத்துத் தங்களோட மாதவிலக்குக்குப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. போர் முடிஞ்சு, மிஞ்சின சரக்கை என்ன பண்றதுன்னு முழிச்ச கம்பெனி அதைக் கவனிச்சு, 1920ல கோட்டெக்ஸ்னு பேர் வெச்சு விக்க ஆரம்பிச்சது.

ஆக, கண்டுபிடிச்சது அந்த நர்ஸுகள். அவங்க பேர் எந்தப் பேட்டன்ட்லயும் இல்ல.

19)
பொருள் தெரிஞ்சாச்சு. அதை உடைச்சுப் பேடாக்கற மெஷின் விலை? மூன்றரைக் கோடி.

சாதாரணமா இங்கதான் எல்லாரும் நிறுத்துவாங்க. இவர் நாலரை வருஷம் எடுத்து ஒரு எளிய மெஷின் பண்ணினார். வீட்டு மிக்ஸி மாதிரி ஒண்ணு அந்த அட்டையை நார் நாரா உடைக்கும். அடுத்தது அச்சுல வெச்சு அழுத்தி வடிவம் குடுக்கும். மேல உறை சுத்தி ஒட்டி, புற ஊதா ஒளியில கிருமி நீக்கினா வேலை முடிஞ்சது. பழுதானா ஊர்ல இருக்கிறவங்களே சரி பண்ணிக்கலாம். விலை சுமார் 65,000 ரூபாய்.

2006ல சென்னை ஐஐடிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பெரிய கம்பெனிகளோட இது போட்டி போடுமான்னு அங்க சந்தேகம் இருந்தது. ஆனாலும் தேசிய அளவு கண்டுபிடிப்புப் போட்டிக்கு அனுப்பினாங்க. 943 பேர் கலந்துக்கிட்டதுல முதல் பரிசு. குடுத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல்.

20)
அதுக்கப்புறம் செஞ்சதுதான் எனக்குப் பெருசா தெரியுது. மெஷினை மொத்தமா வித்துக் கோடி பார்க்கலாம்னு ஆளுங்க வந்தாங்க. அவர் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குத்தான் குடுத்தார். ஒரு மெஷின்ல பத்துப் பெண்களுக்கு வேலை, நாளுக்கு 200–250 பேட். ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடிச்ச பேர் வெச்சுக்கலாம். 20க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் போயிருக்கு.

விக்கிறதும் வாங்கறதும் பெண்கள். அதனால "எது சரியில்ல"ன்னு சொல்ற ஆளும் பக்கத்துலயே இருந்தாங்க. ஆரம்பத்துல ஒரு பெண்ணைப் பேச வைக்க அவர் பட்ட பாட்டுக்கு இதுதான் விடிவுன்னு நான் பார்க்கிறேன்.

21)
சரி, கதை சுபம். இப்ப உப்பளத்துக்கு வாங்க.

"இவ்வளவு நடந்தும் ஏன் உங்க நோயாளிகள் துணின்னு சொல்றாங்க?"ன்னு கேட்பீங்க. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு பாருங்க. சுகாதாரமான முறையைப் பயன்படுத்தற பெண்கள் 2015–16ல நாட்டுல சுமார் 58 சதவீதம். 2019–21ல சுமார் 77. நல்ல முன்னேற்றம்தான். ஆனா அந்தக் கேள்வியை யார்கிட்ட கேட்டாங்க தெரியுமா? 15ல இருந்து 24 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்கிட்ட மட்டும்.

நம்ம தமிழ்நாட்டுப் புதுயுகம் திட்டமும் நல்ல திட்டம். பள்ளி, அங்கன்வாடி மூலமா வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின். ஆனா 10ல இருந்து 19 வயசு வரைக்கும்.

பாத்தியில உப்பு வார்ற 38 வயசு அம்மா இந்தக் கணக்குல இல்ல. அவங்க பொண்ணு வாங்கிட்டு வர்ற பாக்கெட்டுல இருந்து ஒண்ணு ரெண்டு எடுத்துக்கிட்டா உண்டு. பெரும்பாலும் எடுக்கமாட்டாங்க. "அது புள்ளைக்கு மா" அப்படிம்பாங்க.

22)
எடுத்தாலும் சிக்கல் இருக்கு. பேட் வெச்சுப் பார்த்த பெண்கள் என்கிட்ட சொன்னதைச் சொல்றேன். வேர்வையில ஒட்டறது விட்டுப் போகுது. உப்புத் தண்ணி தெறிச்சு, நடக்க நடக்க ஓரம் அறுக்குது. தொடை புண்ணாயிடுது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்கன்னு நான் சொல்றேன். எங்க போய் மாத்தறது, மாத்தினதை எங்க போடறது?

யோசிச்சுப் பாருங்க. ஃபுட்பால் பிளாடரோட நடந்தார், ஓடினார், சைக்கிள் மிதிச்சார். ஆனா கொளுத்தற வெயில்ல, உப்புக்கரைசல்ல, தலையில சுமையோட, ஒதுங்க இடமில்லாம நின்னு யாரும் இதுவரைக்கும் சோதிச்சுப் பார்த்த மாதிரி தெரியல. அந்தச் சோதனையை இந்தப் பெண்கள்தான் மாசாமாசம் செஞ்சுக்கிட்டு இருக்காங்க. முடிவையும் கையில வெச்சிருக்காங்க. கேட்கத்தான் ஆள் இல்ல.

23)
"மாதவிலக்குக் கப் இருக்கே டாக்டர்?" இருக்கு. 12 மணி நேரம் வரைக்கும் தாங்கும், உராயாது, வருஷக்கணக்கா உழைக்கும். கேரளாவுல ஆலப்புழை நகராட்சியில 2019ல 5,000 கப் இலவசமா குடுத்தாங்க.

அதுக்குப் பின்னாடியும் ஒரு தோல்விக் கதைதான். லியோனா சால்மர்ஸ்னு ஒரு அமெரிக்க நடிகை, 1937ல ரப்பர் கப்புக்குப் பேட்டன்ட் வாங்கினாங்க. உலகப் போர் வந்து ரப்பர் தட்டுப்பாட்டுல தொழில் படுத்துடுச்சு. 1950கள்ல மறுபடி முயற்சி. அப்பவும் போணியாகல. இன்னைக்கு மருந்துக்கடையில சிலிக்கோன்ல கிடைக்கிற கப்போட அடிப்படை வடிவம் அந்தம்மாவோடதுதான்.

ஆனா கப்பை எடுக்க, போட, சுத்தமான தண்ணியில கை கழுவணும். நாலு சுவர் வேணும். எங்க பாத்தி ஓரத்துல அந்த ரெண்டும்தான் இல்ல. மெஷினைச் சுருக்கலாம், விலையைக் குறைக்கலாம். ஒரு கதவையும் ஒரு குழாயையும் எந்தக் கண்டுபிடிப்பாளரும் ஈடுகட்ட முடியாது. அதை அரசும் அளத்துக்காரங்களும்தான் கட்டித் தரணும். இது கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்ல, எப்பவோ கண்டுபிடிச்சாச்சு.

24)
இந்த த்ரெட்ல இருந்து நீங்க எடுத்துக்கிட்டுப் போகவேண்டியது என்ன? உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒரு 'கிறுக்கு' இருந்தா, இல்ல வாட்ஸப்ல யாராவது "நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், டாக்டருங்க மறைக்கிறாங்க"ன்னு சொன்னா, மூணே மூணு கேளுங்க.

ஒண்ணு: போன தடவை தப்பாப் போச்சே, அதனால நீங்க எதை மாத்தினீங்க? பதில் இருந்தா நல்ல சகுனம். "எதையும் மாத்தல, சொன்னவன்தான் முட்டாள்"னா ஈஃபில் கோபுரத்தை நினைச்சுக்கோங்க.

ரெண்டு: இதைப் பயன்படுத்தப் போறவங்க "நல்லா இல்ல"ன்னு பயமில்லாம சொல்ல வழி வெச்சிருக்கீங்களா?

மூணு: ரிஸ்க் யாருக்கு? தன் இடுப்புல பிளாடர் கட்டறது வேற. அடுத்தவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்றது வேற. ரெண்டாவது ஆள் எவ்வளவு உருக்கமாப் பேசினாலும் நம்பாதீங்க.

25)
மூணுக்கும் சரியான பதில் வந்துச்சுன்னா, தயவுசெஞ்சு அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்காதீங்க. காசு குடுக்க முடியலைன்னாலும் பரவாயில்ல. ஒரு கறிக்கடைக்காரர் ரத்தம் குடுத்தார், ஒரு ரத்த வங்கி நண்பர் மருந்து குடுத்தார், ஒரு பேராசிரியர் இங்கிலீஷ்ல லெட்டர் எழுதிக் குடுத்தார். அந்த அளவு உதவி நம்ம எல்லார் கையிலயும் இருக்கு.

26)
கடைசியா ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிறவங்கள்ல வெல்டர், தையல்காரர், பாலிடெக்னிக் பசங்க, சும்மா இருக்க முடியாம எதையாவது நோண்டிக்கிட்டு இருக்கிறவங்க யாராவது இருப்பீங்க. உப்பு வார்ற பெண்ணுக்கு அறுக்காத, வேர்வையில நகராத ஒண்ணு வேணும். பாத்தி வரப்புல ஒரு ஆள் மடிச்சு எடுத்துட்டுப் போய் நிறுத்தற மாதிரி, காத்துக்குச் சாயாத ஒரு மறைப்பு வேணும். வேலை பாக்கி இருக்கு.

ஆனா வரைபடத்தோட வராதீங்க. முதல்ல வந்து அவங்ககிட்ட கேளுங்க. உடனே பதில் வராது. கூட வந்தவங்களைத் திரும்பிப் பார்ப்பாங்க. கொஞ்சம் பொறுமையா உட்கார்ந்திருங்க, சொல்வாங்க.

பெண்கள் யாராவது இதைப் படிச்சா: தண்ணியைக் குறைக்காதீங்க மா. துணி வெச்சா வெயில்லயே காயப்போடுங்க. யாரு என்ன சொல்லிடுவாங்க, உப்பே அங்கதானே காயுது.